கடைசியாகப் பார்த்த நாள்

எங்கள் வீட்டுக் கொல்லை வேலியில் பட்டுப்போன கொடுக்காப்புளிக் கிளை ஒன்று இருக்கிறது. அதை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். புரட்டாசி பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் அந்தக் கிளையில் ஒரு பழுப்புக் கீச்சான் வந்து உட்காரும். குருவியைவிடச் சற்றுப் பெரிது. கொக்கி மாதிரி வளைந்த அலகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. வந்த முதல் வாரம் முழுக்கக் கரகரவென்று கத்தித் தீர்த்துவிடும். அந்த வேலியும் அதைச் சுற்றியுள்ள அரை ஏக்கரும் அடுத்த ஏழு மாதத்துக்குத் தன்னுடையது என்று மற்ற கீச்சான்களுக்குச் சொல்லும் சத்தம் அது. மங்கோலியா, சைபீரியா பக்கமிருந்து வருகிற பறவை, போன குளிர்காலத்தில் இருந்த அதே இடத்தைத் தேடி வரும் என்பது வளையமிட்ட பறவைகளால் தெரிந்த விஷயம். ஐந்து வருடமாக அந்தக் குரலைக் கேட்ட முதல் நாளை நோட்டில் எழுதி வருகிறேன். ஐந்து தேதிகளும் என்னிடம் இருக்கின்றன.

அது எப்போது கிளம்பிப் போனது என்று கேட்டால், அந்த ஐந்தில் ஒரு வருடத்துக்குக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

முதல் நாளை எழுதுவது எளிது. நேற்று இல்லை, இன்று இருக்கிறது. பேனாவை எடுத்தால் போதும். கடைசி நாள் அப்படியில்லை. இன்று கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவை நாளைக்கும் இருக்குமா என்பது இன்றைக்குத் தெரியாது. அது போய் நாலைந்து நாள் ஆன பிறகு, 'கீச்சானைக் காணோமே' என்று உறைக்கும். அப்போது யோசித்தால், கடைசியாகப் பார்த்தது செவ்வாயா புதனா என்று நினைவு பிசகும். கடைசி நாளைப் பிடிக்க ஒரே வழிதான் உண்டு. பறவை இருக்கும் நாளெல்லாம் 'இருக்கிறது' என்று எழுத வேண்டும். அது போன பிறகும் போய்ப் பார்த்து 'இல்லை' என்று எழுத வேண்டும். இந்த வருடம் மாசி முதல் தேதியிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கொல்லையில் ஒரு நோட்டு, குளத்துக்கு ஒரு நோட்டு.

பறவைப் புத்தகங்கள் 'வசந்தகால வலசை' என்று சொல்வதை நம் ஊர்க் கணக்கில் பின்பனிக் கால வலசை என்றுதான் சொல்ல வேண்டும். மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனி, இளவேனில் சித்திரையில்தான். வடநாடுகளில் ஏரிப் பனி உருகத் தொடங்கும்போது அங்குள்ளவர்கள் பறவைகள் வந்து இறங்குவதைக் கொண்டாடுகிறார்கள். அதே நாட்களில் இங்கே நடப்பது புறப்பாடு. ஒரே பயணத்தின் மறுமுனையில் நாம் இருக்கிறோம். வாடைக்காற்று கொண்டுவந்து விட்டதைத் தென்றல் திரும்ப அழைத்துப் போகிற மாதம்.

புறப்படப்போகும் பறவையை அதன் உடுப்பைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு பங்குனி முழுக்கக் கரையில் உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஐப்பசியில் நீலச்சிறகிகள் குளத்தில் வந்து இறங்கும்போது ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி மங்கிய பழுப்பாக இருக்கும். எது ஆண் என்று பிரிக்கவே முடியாது. தை, மாசியில் பார்த்தால் ஆண்களுக்குக் கண்ணுக்கு மேலே விபூதிக் கீற்று இழுத்தது போல அகலமான வெள்ளைப் புருவம் வந்திருக்கும். மஞ்சள் வாலாட்டிகள் கார்த்திகையில் அழுக்குச் சாம்பலாக வயலில் ஓடித் திரிந்தவை. பங்குனியில் அவற்றின் வயிறு அரைத்த மஞ்சளைப் பூசினாற்போல ஆகிவிடுகிறது. தகைவிலான் குருவிகள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அல்லவா, அவற்றின் வாலைக் கவனியுங்கள். மார்கழியில் குட்டையாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்த வாலில் மாசி முடிவதற்குள் இரண்டு மெல்லிய நீண்ட இழைகள் வளர்ந்துவிடுகின்றன. இங்கே இருக்கும்போதே பழைய இறகுகளை உதிர்த்துவிட்டுப் புதியவற்றை வளர்த்துக்கொள்கின்றன. புது வாலோடுதான் ஊருக்குப் போகும்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போடுவது கருவால் மூக்கன்தான். நீண்ட கால், நீண்ட நேரான அலகு. முட்டளவு தண்ணீரில் நின்று, தலை முழுக முழுகச் சேற்றைக் குத்தும். குளிர்காலம் பூராவும் சாம்பல் பூத்த நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் சேற்றோடு சேறாகத் தெரியும். மாசி நடுவில் ஒன்றிரண்டு பறவைகளின் கழுத்தில் லேசாகத் துரு ஏறினாற்போல ஒரு நிறம் தெரியத் தொடங்கும். வாரத்துக்கு வாரம் அது நெஞ்சுக்கு இறங்கும். பங்குனியில் செங்கல் சூளையிலிருந்து எடுத்தது மாதிரி கழுத்தும் மார்பும் சிவந்து நிற்கும். ஒரே கூட்டத்தில் முழுக்கச் சிவந்தவையும், பாதி சிவந்தவையும், இன்னும் சாம்பலாகவே இருப்பவையும் கலந்து நிற்பதைப் பார்த்தால், கல்யாண வீட்டில் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் தயாராவது நினைவுக்கு வரும். சாம்பலாகவே இருப்பவை பெரும்பாலும் போன வருடம் பிறந்த இளசுகள். அவற்றில் சில இந்தக் கோடையில் வடக்கே போகாமல் தெற்கிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

எங்கள் குளம் மருதூர் மேலக்கால் பாசனத்தில் உள்ளது. தாமிரபரணித் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி மறுகால் பாயும். பிசானப் பயிருக்கு மடை திறந்து திறந்து, மாசி வாக்கில் உள்வாயில் தண்ணீர் வற்றத் தொடங்கும். கரையோரம் முதலில் ஈரமண் தெரியும், பிறகு சேறு, பிறகு நடுவில் திட்டுத் திட்டாக மேடு. பார்க்கிறவர்களுக்குக் குளம் செத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். உள்ளான்களுக்கோ அதுதான் அறுவடைக் காலம். நிறைகுளத்தில் அவற்றுக்கு வேலையில்லை. கொசு உள்ளானின் கால் விரலளவுகூட இருக்காது. ஆழத் தண்ணீரில் அது எங்கே நிற்கும்? தண்ணீர் இறங்க இறங்கத்தான் புழுவும் பூச்சிக் கூட்டுப்புழுவும் அவற்றின் அலகுக்கு எட்டும். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு முழம் சேறு வெளிப்படும். வழிநெடுகப் பறக்கத் தேவையான கொழுப்பைச் சேர்த்தாக வேண்டிய அதே வாரங்களில் எங்கள் குளம் அவற்றுக்குப் பந்தி விரிக்கிறது. இருபது, முப்பது கிராம் எடையுள்ள பறவை புறப்படுவதற்குள் தன் எடையில் பாதியைக் கொழுப்பாக ஏற்றிக்கொள்ளும். பங்குனியில் பைனாகுலரில் பார்த்தால் தெரியும். வயிறு தொங்கி, மார்பு உருண்டு, கார்த்திகையில் பார்த்ததோடு ஒப்பிட்டால் வேறு பறவை மாதிரி இருக்கும்.

ஆகவே குளத்து நீர் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பது இந்த நாட்களில் மிக முக்கியம். மெல்ல வற்றினால் ஆறு வாரம் சாப்பாடு. மூன்று வருடங்களுக்கு முன்னால் மாசியிலேயே ராட்சத மோட்டார் வைத்து மிச்சத் தண்ணீரை இறைத்துவிட்டார்கள், மீன் பிடிப்பதற்காக. நான்கே நாளில் உள்வாய் காய்ந்து வெடித்தது. கருவால் மூக்கன்கள் பாதிகூடச் சிவந்திருக்கவில்லை. அடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. அவை வேறு குளம் தேடிப் போயிருக்கும், அங்கே தீனி கிடைத்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் அந்த வருடம் சுற்றியிருந்த குளங்களின் நிலையும் அதேதான். குத்தகைப் பணம் கட்டியவருக்கு மீன் வேண்டும், அதில் தப்பில்லை. கடைசி இறைப்பைப் பங்குனி முடியும்வரை தள்ளிப்போட ஊர்க்கூட்டத்தில் பேசினால் கேட்க மாட்டார்களா? இந்த வருடம் பேசினோம். கேட்டார்கள்.

பேச வைத்தவர் எங்கள் மடை அண்ணாச்சி. எழுபது வயதுக்கு மேல். நாற்பது வருடமாக இந்தக் குளத்து மடையைத் திறந்து அடைப்பவர். பறவைப் பெயரெல்லாம் அவருக்கு மூன்று வகைதான்: கொக்கு, தாரா, உள்ளான். ஆனால் எந்தத் தாரா எந்த மாதம் எந்த மூலையில் படுக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. மாசியில் ஒருநாள் கரையில் உட்கார்ந்திருந்தபோது, "இதெல்லாம் வெளிநாட்டுல இருந்து இங்க வந்து குஞ்சு பொரிச்சிட்டுப் போகுதுன்னு டிவியில சொல்லுதானே தம்பி, அப்படியா?" என்று கேட்டார்.

அப்படியில்லை என்று அவருக்கு விளக்கினேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் இந்தத் தவறு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. கூந்தன்குளத்திலும் திருப்புடைமருதூரிலும் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் பார்த்து நாட்டுக்குள்ளேயே இடம் மாறுபவை. வடக்கே பனி நாடுகளிலிருந்து வரும் நீலச்சிறகியோ, கருவால் மூக்கனோ, வாலாட்டியோ இங்கே முட்டையிடுவதில்லை. அவற்றின் கூடு அங்கே. மாசி, பங்குனியில் கூந்தன்குளம் போனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். மரத்தின் மேலே நாரைக் குஞ்சுகள் தீனிக்குக் கத்திக்கொண்டிருக்கும். கீழே தண்ணீரில் வாத்துகள் ஊருக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆவணி, புரட்டாசியில வருது. பங்குனி, சித்திரைல போகுது. அப்பம் வருசத்துல முக்கால்வாசி இங்கதான கெடக்கு. பேறுகாலத்துக்கு அம்மை வீட்டுக்குப் போற பிள்ளை மாதிரில்லா இருக்கு. போயிப் பெத்து எடுத்துக்கிட்டுப் புள்ளையோட திரும்பி வருது."

இத்தனை வருடம் பறவை பார்த்தும் எனக்குத் தோன்றாதது. நாம் இவற்றை விருந்தாளிகள் என்கிறோம். வேலியில் இருக்கும் பிளித் நாணல் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்லாந்திலிருந்து சைபீரியா வரை முட்டையிடும் இந்தச் சின்னஞ்சிறு குருவிக்கு இந்தியத் துணைக்கண்டம்தான் குளிர்கால வீடு. செப்டம்பரில் வந்தால் ஏப்ரல் வரை இங்கே. போக வரப் பயணத்தில் கழிவது போக, அங்கே அது தங்குவது கோடையின் சில வாரங்கள்தான். கூடு கட்ட, முட்டையிட, குஞ்சுகளைப் பறக்கவிட. அண்ணாச்சி சொன்னதுதான் சரி. அவை நம் வீட்டுப் பிள்ளைகள்.

அந்தக் கதிர்க்குருவியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1849இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர், கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளித். அவர் பெயரைத்தான் தாங்குகிறது. பார்க்க எந்த அடையாளமும் இல்லாத மண்நிறக் குருவி. பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். ஏழு மாதமும் புதருக்குள்ளிருந்து 'செக்… செக்' என்று இரண்டு கல்லைத் தட்டுகிற மாதிரி ஒரே சத்தம். மாசி கடைசியில் ஒரு விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறந்தபோது, வேலிப்பருத்திக் கொடிக்குள்ளிருந்து யாரோ மெல்ல முணுமுணுப்பது போலக் கேட்டது. செக், செக், அதற்கிடையில் ஒரு சீழ்க்கை, அப்புறம் தவிட்டுக்குருவியின் குரல் மாதிரி ஒன்று, திரும்பச் செக் செக். பத்து நிமிடம் அசையாமல் நின்று கேட்டேன். பிறருடைய குரல்களையெல்லாம் கோத்துப் பாடுவது அதன் வழக்கம். வடக்கே போய் இணையைக் கூப்பிடப் பாட வேண்டிய பாட்டை, இங்கே எங்கள் வேலியில் தாழ்ந்த குரலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்கப் பாடாமல் இருந்த பறவை பாடத் தொடங்கிவிட்டால் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். நோட்டில் அன்றைக்கு 'பாடுகிறது' என்று ஒரு சொல் எழுதிக் கீழே கோடு போட்டேன்.

எப்படித் தெரிகிறது அவற்றுக்கு, கிளம்பும் நாள் வந்துவிட்டதென்று? வடநாடுகளில் பகல் நீளம் மாதத்துக்கு மாதம் மணிக்கணக்கில் மாறும். திருநெல்வேலியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். அந்தச் சிறு மாற்றத்தையும் பறவை உணரக்கூடும். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் என்ற ஆய்வாளர் கதிர்க்குருவி இனங்களை வெளி உலகம் தெரியாத அறையில், மாறாத வெளிச்சத்திலும் மாறாத வெப்பத்திலும் வைத்துக் கவனித்தார். வெளியிலிருந்து எந்தச் சேதியும் இல்லாமலே அவை உரிய காலத்தில் இறகு மாற்றின, எடை கூடின, வலசை நேரம் வந்ததும் இரவெல்லாம் கூண்டில் படபடத்தன. வருடத்தைக் கணக்கிடும் கடிகாரம் ஒன்று பறவையின் உள்ளேயே ஓடுகிறது. எங்கள் வேலிக்குள் இருக்கும் பத்து, பன்னிரண்டு கிராம் உயிருக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

மாசி மூன்றாவது வாரம் கூந்தன்குளம் போனேன். வரித்தலை வாத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, இப்போது ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்ட ஊர். ஆனால் அரசாணைக்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் தெருவோர மரங்களில் பறவைகளைக் கூடு கட்ட விட்டு, தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்து காத்து வந்தார்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்துத் தீனி கொடுத்து வளர்த்த பால்பாண்டியின் பெயர் பறவை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். நான் போனபோது வாத்துகள் குளத்து நடுவில் ஒதுங்கிப் பகல் தூக்கத்தில் இருந்தன. இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் தண்ணீரில் ஓய்வெடுப்பது அவற்றின் பழக்கம். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். திபெத்திய மேட்டு நிலத்தின் ஏரிகளிலும் மங்கோலியாவிலும் கூடு கட்டுபவை. இமயமலையைக் கடந்தாக வேண்டும். செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது 7,290 மீட்டர் உயரம் வரை ஒரு வாத்து பறந்தது பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் கடக்கின்றன. அப்போதுதான் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். சிறகுக்குப் பிடிப்புக் கிடைக்கும். கூந்தன்குளத்து வெயிலில் கழுத்தை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்த அந்த வாத்தைப் பார்த்தபடியே அதன் தலைக்கு மேல் வரப்போகும் பனிமலையை நினைத்துக்கொண்டு நின்றேன். பங்குனி முதல் வாரம் மறுபடி போனேன். இல்லை. நடுவில் பதினைந்து நாள். எந்த நாள் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஊரில் தினமும் பார்க்கிற யாராவது எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

வழியில் செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு கல்யாண முருங்கை பூத்து நின்றது. இலையே இல்லாமல் மரம் முழுக்கச் சிவப்பு. அதில் ஒரு நூறு, நூற்றைம்பது சூறைக்குருவிகள் பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தன. ஒரே இரைச்சல். சோளம் விளைந்த காலத்தில் வயலில் சூறைபோல வந்து இறங்குவதால் வந்த பெயர். புரட்டாசியில் அழுக்குப் பழுப்பாக இருக்கும். இறகு நுனிகள் தேயத் தேய, உள்ளே இருக்கும் ரோஜா நிறமும் மினுக்கும் கறுப்பும் வெளிப்படும். இப்போது ஆண்கள் கொண்டை வளர்ந்து பளபளத்தன. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகள் பெருகும் இடம் தேடிப் போய்க் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுபவை இவை. சீனாவின் சின்ஜியாங்கில் வெட்டுக்கிளிகளைக் கட்டுப்படுத்துவதற்காகவே கற்களை அடுக்கி இந்தக் குருவிகள் கூடு கட்ட இடம் செய்து கொடுக்கிறார்கள். நாம் தகரத்தைத் தட்டி விரட்டிய பறவைக்கு அங்கே வீடு கட்டிக் காத்திருக்கிறார்கள்.

பங்குனி உத்திரத்தன்று நடந்ததைச் சொல்லவே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் சாஸ்தா கோயில் குளத்தின் தென்கரையில் இருக்கிறது. உத்திரத்துக்கு வெளியூரிலிருந்து எல்லாரும் வந்துவிடுவார்கள். பொங்கல் வைத்து, சாப்பிட்டு, பிள்ளைகள் கரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நான் நோட்டை எடுத்துக்கொண்டு மடைப்பக்கம் வந்துவிட்டேன். அண்ணாச்சியும் வந்து உட்கார்ந்தார். உள்வாயில் எண்பத்துச் சொச்சம் கருவால் மூக்கன்கள். பகல் முழுக்கத் தலையைத் தூக்காமல் மேய்ந்தவை, வெயில் தணிந்ததும் மேய்வதை நிறுத்திவிட்டன. அதுவே புதிது. இறகைக் கோதுவதும், நின்ற இடத்திலேயே சிறகை விரித்து மடக்குவதுமாக இருந்தன. பிறகு சத்தம் தொடங்கியது. குளிர்காலம் முழுக்க அதிகம் குரல் கொடுக்காத பறவைகள். ஒன்று கூப்பிட, இன்னொன்று பதில் சொல்ல, கூட்டம் முழுக்கப் பரவியது.

சூரியன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் முப்பது, நாற்பது பறவைகள் எழும்பின. குளத்தை ஒரு சுற்று சுற்றி உயர ஏறின. கிழக்கே நிலா எழும்பியிருந்தது. உத்திரத்து நிலா, முழுவட்டம். சரி, போய்விட்டன என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அவை திரும்பி வந்து சேற்றில் இறங்கிவிட்டன. கீழே நின்றவை கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. மறுபடி எழும்பின, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பேர். மறுபடி சுற்றி மறுபடி இறங்கின. மூன்று தடவை இப்படி. அண்ணாச்சி மெல்லிய குரலில், "வீட்டைப் பூட்டிட்டு வாசல்ல நிக்காவ. ஒராளு இன்னும் வரலை போல" என்றார்.

நாலாவது தடவை எழும்பியவை இறங்கவில்லை. நிலாவுக்குக் குறுக்கே போனபோது நீண்ட அலகும் பின்னால் நீட்டிய கால்களும் தெளிவாகத் தெரிந்தன. வட்டம் பெரிதாகி, உயர்ந்து, ஒரு கோணல் வரிசையாக நீண்டு, வடமேற்கே திரும்பியது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கீழே சேற்றில் ஏழு பறவைகள் நின்றன. ஏழும் சாம்பல் நிறம்.

கோயில் பக்கமிருந்து அக்காள் மகன் கூப்பிட்டான். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பறவைக் கூட்டம் ஒரு ஊரை விட்டுப் போவதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அண்ணாச்சி நாற்பது வருடத்தில் இரண்டு தடவை பார்த்திருப்பதாகச் சொன்னார்.

சத்திமுத்தப் புலவர் மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு நாரையிடம் பேசினார் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்ததுதான். அவர் தூது சொல்லி அனுப்பியது குமரித்துறைக்கு வந்து இறங்கும் பறவையிடம் அல்ல; குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் பறவையிடம். போகிற வழியில் தன் ஊர்க் குளத்தில் இறங்கும் என்று அவர் நம்பிச் சொல்கிறார். குமரியிலிருந்து கிளம்பிய பறவையால் குளம் குளமாகத் தங்கி இளைப்பாறித்தான் போக முடியும் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு வலசைப் பாதை என்று வரைபடம் போட்டுச் சொல்வதன் உயிர் அதுதான். ஒரு குளம் காய்ந்தால் ஒரு படி இல்லை.

2007இல் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தினர் 'மைக்ரன்ட் வாட்ச்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஒன்பது வலசைப் பறவைகள் வரும் தேதியைப் பொதுமக்களிடம் கேட்டார்கள். பழுப்புக் கீச்சான், சாம்பல் வாலாட்டி போன்ற சாதாரணப் பறவைகள். இப்போது அந்த வேலை இபேர்ட் தளத்தில் நடக்கிறது. தை மாதத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும்போது எங்கள் பக்கம் கரையில் பைனாகுலரோடு பத்துப் பேர் நிற்கிறோம். பங்குனி வெயிலில் ஒருவரும் வருவதில்லை. தெரிந்த பறவைதானே, எண்ணிக்கையும் குறைந்துவிட்டதே என்று நினைக்கிறோம். ஆனால் 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, நெடுந்தூரம் வலசை வரும் பறவைகள் கவலை தரும் அளவுக்குக் குறைந்து வருவதாகச் சொல்கிறது. அதற்கு அடிப்படை சுமார் மூன்று கோடிப் பதிவுகள். நம்மைப் போன்றவர்கள் கரையில் நின்று எழுதியவை. புறப்படும் நாட்கள் முந்துகின்றனவா பிந்துகின்றனவா, கொழுப்பேறிப் போகின்றனவா, பட்டினியாகப் போகின்றனவா என்று தெரிய வேண்டுமானால் பங்குனியிலும் யாராவது நிற்க வேண்டும். 'இல்லை' என்பதையும் எழுத வேண்டும்.

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடக்கும் வாலாட்டி, தோட்டத்துச் சருகைக் கிளறும் ஆறுமணிக்குருவி, ஏதாவது ஒன்று போதும். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரம் வரை போகிற பறவை, இரவில்தான் பறக்கும். காலையில் ஆறு மணிக்குக் கேட்டுப் பழகிய இரட்டைச் சீழ்க்கை ஒருநாள் கேட்காது. அன்றைக்குத் தேதியை எழுதுங்கள். மறுநாளும் காது கொடுத்துக் கேளுங்கள்.

என் குளத்து நோட்டில் உத்திரத்துக்கு மறுநாள்: கருவால் மூக்கன் 7. அதற்கடுத்த நாள் 7. மூன்றாம் நாள் 4. நீலச்சிறகி ஐந்து நாளாக இல்லை. பவளக்கால் உள்ளான்கள் எங்கும் போகவில்லை. அவை உள்ளூர்க்காரர்கள், மேட்டில் முட்டையிட இடம் பார்க்கின்றன. வேலிப்பருத்திக்குள் கதிர்க்குருவி இன்றைக்கும் பாடியது. நேற்றைவிடச் சத்தமாக.

இதை எழுதி முடிக்கும்போது மணி ஆறேகால். கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். பட்ட கிளையில் கீச்சான் இருக்கிறது. ஒரு வெட்டுக்கிளியைக் காலில் பிடித்துக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. பங்குனி 22, இருக்கிறது என்று எழுதிவிட்டேன்.